ஏழாவது மேசையின் ஊசிச் சத்தம்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு பதறினாலும், "மெதுவா சொல்லுங்க. வீட்டு நம்பர் மறுபடி ஒரு தடவை" என்று வாய்ப்பாடு கேட்பதுபோல் கேட்டு விலாசத்தை வாங்கிவிடுவாள். அதில் ஒட்டிக்கொண்ட பெயர். பக்கத்து மேசைக்காரிக்கு ரேடியோ என்று பெயர். அதற்கு விளக்கம் தேவையில்லை. அவள் அருகில் கால் மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கே காரணம் புரிந்துவிடும்.

டீச்சருடையது ஏழாவது மேசை. சுவரோரம், ஏசிக்கு நேர் கீழே. மேசைக்கு ஒரு மானிட்டர், ஒற்றைக் காது ஹெட்போன், பக்கத்து மேசையை மறைக்கும் பஞ்சுத் தடுப்பு. வரும் ஒவ்வொரு அழைப்பும் திரையில் ஒரு வரியாக விழும். வண்டி கிடைக்காதவரை சிவப்பு, வண்டி கிளம்பினால் மஞ்சள், ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால் பச்சை. வேலை முடிந்தால் சாம்பல் நிறமாகி, கடைசியில் இரண்டு எழுத்துக் குறியோடு கீழே இறங்கிவிடும். எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்பது அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒருவர் கூப்பிட்டார். மனைவி சமையலறையில் விழுந்துவிட்டாள், கண் திறக்கவில்லை, மூச்சு இருப்பதுபோல் தெரியவில்லை. டீச்சர் விலாசம் வாங்கினாள். வண்டி கிளம்பியது. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொன்னாள்.

"ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணா நெஞ்சு நடுவுல வைங்க சார். நான் எண்ணுறேன். எண்ணுறப்பெல்லாம் அழுத்துங்க. நல்லா அழுத்துங்க."

இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி ஒன்று. அந்தத் தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. வண்டி தெருமுனையில் மாட்டிக்கொண்டது. டிரைவர் ஹாரன் அடிப்பது டீச்சருக்கு இன்னொரு லைனில் கேட்டது. அதை அவள் அந்த மனிதரிடம் சொல்லவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"மேடம், கை வலிக்குது மேடம்."

"வலிக்கட்டும் சார். நிறுத்தாதீங்க. ஒண்ணு, ரெண்டு..."

கடைசியில் ஆட்கள் படியேறிப் போய்ச் சேர்ந்தார்கள். கதவு திறக்கும் சத்தம், பெட்டியை இறக்கும் சத்தம், யாரோ காலால் இடித்ததில் போன் உருளும் சத்தம். லைன் துண்டானது. அடுத்த அழைப்பில் ஒரு பெண் படியில் கால் பிசகிவிட்டதாகச் சொன்னாள். டீச்சர் அவளுடைய விலாசத்தையும் வாங்கினாள். மத்தியானம் போல் காலையில் வந்த வரி சாம்பலாகி, கடைசியில் ஆள் பிழைக்கவில்லை என்பதற்கான அந்த இரண்டு எழுத்து வந்தது. அதன்பின் ஷிப்ட் முடியும்வரை அழைப்பு இடைவெளி இல்லாமல் வந்துகொண்டே இருந்தது.

சூப்பர்வைசர் மேடம் வழக்கப்படி ஒலிப்பதிவை முழுக்கக் கேட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டாள். "ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. எல்லாம் சரியா பண்ணியிருக்கீங்க" என்றாள். டீச்சர் "சரிங்க மேடம்" என்றாள்.

வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள். மகளின் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டாள். துணி மடித்தாள். அழுகை வருமென்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டபின் கன்னத்தை அமுக்கிப் பார்ப்பார்களே, அப்படித்தான் தன்னை இங்கேயும் அங்கேயும் அமுக்கிப் பார்த்தாள். கன்னம் இருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலை, முதல் அழைப்பு முடிந்ததும் சத்தம் கேட்டது.

மெல்லிசான, உச்சமான, விடாத சத்தம். நூல் கோக்காத ஊசியைக் காதுக்குள் மெதுவாக ஏற்றுவதுபோல. அடுத்த அழைப்பு வந்து குரல் நிறைந்ததும் மறைந்தது. அழைப்பு முடிந்ததும் வாசலில் காத்திருந்த விருந்தாளிபோல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

"ரேடியோ, உனக்கு ஏதாவது சத்தம் கேக்குது?"

"ஏசி கேக்குது. மேடம் செருப்பு கேக்குது. என் வீட்டுக்காரர் வீட்டுல குறட்டை விடுறதுகூட இங்க கேக்குது. நீ எதைக் கேக்குறே?"

"கொசு மாதிரி. அதைவிட மெல்லிசா."

ரேடியோ தடுப்புக்கு மேல் தலையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது.

டீச்சர் மேசையைச் சுற்றிக் காதை வைத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டர் பெட்டியில் இல்லை, விசைப்பலகையில் இல்லை. மானிட்டரின் முதுகுப்பக்கம், காற்றுப் போகும் துளைகளருகே போனதும் சத்தம் தடித்தது. அங்கேதான்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரை வரச் சொன்னார்கள். அவருக்குக் கேபிள் என்று பெயர். எதைக் காட்டினாலும் "கேபிள்தான்" என்பார். பத்தில் எட்டுத் தடவை அது கேபிளாகவே இருந்துவிடுவதால் அவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. இடுப்பில் கொத்துச் சாவிபோல் வயர்களைத் தொங்கவிட்டபடி வந்தார்.

"கேபிள்தான்" என்றார். பழைய வயரைக் கழற்றிப் புதிதைச் செருகினார். நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். "என்ன மேடம், தியேட்டர்ல படம் போடப்போற மாதிரி இருக்கு? கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று மானிட்டரின் கீழே இருந்த பட்டனைத் தட்டித் தட்டி வெளிச்சத்தை ஏற்றினார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இப்ப கேக்குதா?"

டீச்சர் குனிந்து கேட்டாள். கேட்கவில்லை.

"சொன்னேன்ல."

அவர் கிளம்பிப் போனார். திரை டார்ச் அடிப்பதுபோல் முகத்தில் அடித்தது. அழைப்பு வந்தது. டீச்சர் வலது கையால் விலாசத்தைத் தட்டிக்கொண்டே, இடது கையால் திரையைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டாள். ஒரு பெரியவருக்கு மூக்கில் ரத்தம். வண்டி அனுப்பி முடித்து, ஹெட்போனைச் சரிசெய்தாள். சத்தம் இருந்தது.

அந்த வாரமே கேபிள் மறுபடி வந்தார். இந்தத் தடவை மின்சாரத்தில்தான் கோளாறு என்றார். மானிட்டர் பிளக்கை வேறு சுவிட்ச் பலகையில் செருகினார். எர்த் பார்த்தார். காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை மானிட்டரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, நெஞ்சுத்துடிப்புக் கேட்கும் டாக்டர் கணக்காக நின்றார். நிற்பதற்கு முன்னால், "இந்த இருட்டுல நான் என்ன மேடம் பாக்குறது" என்று வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டார். சத்தம் இல்லை. அவர் போனார். கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது.

"அவரைப் பாத்தா மட்டும் அடங்கிடுது பாரு" என்றாள் ரேடியோ. "வீட்டுக்கு மாமனார் வந்தா என் பசங்க அடங்குற மாதிரி."

மேடம் ஒருமுறை வந்து, குனிந்து கேட்டுப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல டீச்சர். ஆனா என்னை நம்பாதீங்க. என் வயசுக்குக் கொசு வந்ததே கடிச்சப்புறம்தான் தெரியுது."

மூன்றாவது தடவை கேபிள் வேறு வழியில் போனார். அறையில் இருந்த மானிட்டர் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வந்து இறங்கியவை. ஏழாவது மேசை மானிட்டரைத் தூக்கி ரேடியோ மேசையில் வைத்தார். ரேடியோவுடையதை டீச்சர் மேசையில் வைத்தார். "இப்ப தெரிஞ்சிடும். கோளாறு மானிட்டர்ல இருந்தா ரேடியோ மேடம் கத்துவாங்க" என்றார்.

ரேடியோ தன் புது மானிட்டரைப் பார்த்ததும், "இது என்ன பொழுது சாஞ்ச மாதிரி இருக்கு" என்று பட்டனைத் தட்டி வெளிச்சத்தைக் கூட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. டீச்சர் தன் மேசைக்கு வந்த மானிட்டரில் கண் கூசாமல் வைத்துக்கொண்டு இரண்டு அழைப்பு எடுத்தாள். இரண்டாவது முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கேக்குது" என்றாள்.

கேபிள் தன் வயர்களை இடுப்பில் மாட்டிக்கொண்டார். நல்ல மனிதர். எப்படிச் சொல்வது என்று தேடினார்.

"மேடம், ஒரு சாமான்ல கோளாறுன்னா அது சாமான்கூடப் போகணும். இல்லைன்னா இடத்துல இருக்கணும். இடத்தையும் பாத்தாச்சு, வயரும் மாத்தியாச்சு. இது..." என்று நிறுத்தினார்.

"என்கூட வருது" என்றாள் டீச்சர்.

"அப்போ டீச்சருக்குத்தான் கேபிள் மாத்தணும்" என்றாள் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை. ரேடியோவுக்கே அது சொல்லியிருக்கக் கூடாத பேச்சு என்று தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிடும்போது தன் டப்பாவில் பாதியை டீச்சர் தட்டில் தள்ளினாள். டீச்சர் தள்ளியதையெல்லாம் சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அந்த போன் கால்தான் டீச்சர். அந்தத் திங்கக்கிழமைக்கு அப்புறம்தானே இது ஆரம்பிச்சது? நான் தப்பா சொல்லல. இந்த அறையில உக்காந்தவங்களுக்கு ஏதாவது ஒண்ணு வரும். ஒருத்தருக்கு முதுகு, ஒருத்தருக்குத் தூக்கம். உங்களுக்குக் காது. ஒரு வாரம் லீவு எடுங்க. காது டாக்டரையும் பாத்துடுங்க."

"அந்தக் கால்ல எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். நான் அழக்கூட இல்லையே."

"அதான் சொல்றேன்" என்றாள் மேடம்.

காது டாக்டர் அவளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து விதவிதமான சத்தம் போட்டார். கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கினாள். டாக்டர் கோடு போட்ட தாளைப் பார்த்துவிட்டு, "காதுல ஒரு குறையும் இல்லம்மா. சொல்லப்போனா தேவைக்கு மேலயே நல்லா இருக்கு. இந்த வயசுல இவ்ளோ உச்ச சத்தம் நிறைய பேருக்குக் கேக்காது" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

லீவில் வீட்டில் இருந்தாள். முதல் நாளே அறையறையாகப் போய் நின்று கேட்டாள். பிரிட்ஜ் உறுமியது, மின்விசிறி தட்டியது, குழாய் சொட்டியது. அந்தச் சத்தம் மட்டும் எங்கும் இல்லை. டிவியைப் போட்டுப் பின்னால் போய்க் காது வைத்தாள். இல்லை. தலையணையில் காதை அமுக்கிக்கொண்டும் பார்த்தாள். அங்கேயும் இல்லை. காதுக்குள் இருந்து வருவதென்றால் வீட்டுக்கும் வந்திருக்க வேண்டும். ஆபீசிலேயே உட்கார்ந்திருக்கிற காது உலகத்தில் உண்டா? இதை யோசிக்கும்போது அவளுக்கு நிம்மதியும் இல்லை, பயமும் இல்லை. கணக்கில் ஒரு வரி இடிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. விலாசம் வாங்கும்போது பின்கோடும் தெருப்பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வருமே, அந்த உறுத்தல்.

அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடையைச் சாத்திவிட்டு, டியூஷனில் இருந்து மகளையும் கூட்டிக்கொண்டு அந்தி மங்கும் நேரத்தில் வருவார். லீவின் மூன்றாம் நாள் அப்படி வந்தவர் சமையலறை வாசலில் நின்றுவிட்டார்.

"ஏம்மா, கண்ணாடிக் கடைக்காரன் பொண்டாட்டி இருட்டுல காய் நறுக்குறா. வெளிய தெரிஞ்சா என் பொழப்பு என்னாகும்?"

"கண்ணு கூசுது."

"அம்மா எப்பவுமே லைட்டை அணைச்சிடுறாங்கப்பா" என்றாள் மகள். "நேத்து ஹால்லயும் அணைச்சிட்டாங்க. நான் பாத்ரூம்ல உக்காந்துதான் கதைப்புத்தகம் படிச்சேன்."

"டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சே, உன் பவர்ல ஒரு மாத்தமும் இல்ல" என்றார் வீட்டுக்காரர். "கூசாத கிளாஸும் போட்டுக் குடுத்தாச்சு. முன்னெல்லாம் நீ இப்படிச் சொன்னதே இல்லையே. புக்குக்கு அட்டை போட்டியே, அன்னைக்கு ஆரம்பிச்சே. டியூப்லைட் அணைச்சிட்டு வராண்டா வெளிச்சத்துல உக்காந்து ஒட்டினே. கோணலா ஒட்டிட்டேன்னு இவ அழுதாளே."

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தாள். கேபிள் நாற்காலியில் உட்கார்ந்து பட்டனைத் தட்டித் தட்டி ஏற்றியது நினைவுக்கு வந்தது. ரேடியோ தட்டியது நினைவுக்கு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் தட்டினார்கள்.

"என்ன?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல. நாளைக்கு வேலைக்குப் போறேன்."

"லீவு இன்னும் இருக்கே."

"இருக்கட்டும்."

மறுநாள் அவள் உட்கார்ந்ததும் ஹெட்போனை மாட்டவில்லை. மானிட்டரின் கீழே விரலை விட்டுப் பட்டனைத் தேடினாள். திரையில் ஒரு சின்னச் சூரியன் படம் வந்தது, பக்கத்தில் ஒரு கோடு. கோடு பாதிக்கும் கீழே இருந்தது. லீவில் அவள் இடத்தில் யாரையும் போடவில்லை; அவள் விட்டுப்போனபடியே இருந்தது. சத்தம் லேசாக இருந்தது. அவள் இன்னும் குறைத்தாள். சத்தம் ஏறியது. ஏற்றினாள். சத்தம் மெலிந்தது. இன்னும் ஏற்றினாள். கோடு முழுதாக நிரம்பியபோது சத்தம் சொல்லிவைத்ததுபோல் நின்றது. ஒரு படி குறைத்தாள். வந்தது. ஒரு படி ஏற்றினாள். நின்றது. உடம்பில் எந்த அவசரமும் இல்லாமல், குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பதுபோல் அதைப் பல தடவை செய்தாள்.

"ரேடியோ, ஹெட்போனைக் கழட்டிட்டு இங்க வா. வாயைத் திறக்காத. கையால எதையும் தொடாத."

ரேடியோ வந்து மானிட்டரின் முதுகில் காதை வைத்தாள். டீச்சர் கோட்டை அடிமட்டத்துக்கு இறக்கினாள்.

"அய்யய்யோ!" என்றாள் ரேடியோ. "என்னது இது, பல்லு கூசுது! டீச்சர், இதையா நீ இத்தனை நாளா கேட்டுட்டு உக்காந்திருந்தே? நான் உன்னைப் போய்..." சட்டென்று தன் மேசைக்கு ஓடித் தன் மானிட்டரையும் இறக்கினாள். அதுவும் கத்தியது. எட்டாவது, ஒன்பதாவது மேசைக்காரர்களும் இறக்கிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் அந்த வரிசை முழுவதும் மாறி மாறி இருண்டு வெளுத்தது. "வேலையைப் பாருங்க, கால் வருது" என்று மேடம் எழுந்து வந்தாள்.

கேபிளும் வந்தார். குனிந்து கேட்டார். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ரேடியோவின் போனில் ஒலியை அளக்கும் ஏதோ ஒன்றைத் திறந்து, கோடு குதிப்பதைக் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டார்.

"இப்ப புரியுது" என்றார். "முழு வெளிச்சத்துல உள்ள லைட்டு ஒரே சீரா எரியும். குறைச்சா, உண்மையில குறையறது இல்ல மேடம். அணைஞ்சு அணைஞ்சு எரியும். நம்ம கண்ணுக்குத் தெரியாத வேகம். அந்த வேகத்துல உள்ள இருக்கிற காயில் நடுங்கும். அதான் சத்தம். மட்டமான காயில் போட்டிருக்கான்." பிறகு தலையைச் சொறிந்தார். "வந்து உக்காந்ததும் முதல் வேலையா நான்தான் ஏத்தினேன். ரெண்டு தடவை. மூணாவது தடவை ரேடியோ மேடம் ஏத்தினாங்க. சத்தத்தை நானே அணைச்சிட்டு நானே இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருக்கேன்."

"அப்போ கேபிள் இல்ல?" என்றாள் ரேடியோ.

"கேபிள் இல்ல" என்றார் அவர். அந்த வரிசையே சிரித்தது. டீ வரவழைத்தார்கள். டீச்சரின் தோளை ஒவ்வொருவராக வந்து தட்டிவிட்டுப் போனார்கள். பரீட்சையில் தேறியவளைத் தட்டுவதுபோல. ஏதோ ஒரு பெரிய பாரம் எல்லோருக்கும் இறங்கிவிட்டிருந்தது.

மேடம் மட்டும் போகாமல் நின்றாள். "மத்தவங்க யாருக்கும் இது வரலையே. எல்லாரும் நல்லா வெளிச்சமாத்தானே வச்சிருக்காங்க. நீங்க எதுக்கு டீச்சர் இவ்ளோ இறக்கினீங்க? எப்போலேந்து?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவளுக்கே அது வந்தது. அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் வரி சாம்பலாகி, கடைசியில் அந்த இரண்டு எழுத்து வந்து நின்றபோது, இன்னொரு அழைப்பு லைனில் இருந்தது. எழுந்து போக முடியாது. கண்ணை மூட முடியாது. வரியை மறைக்கவும் வழி இல்லை. அது தானாகக் கீழே இறங்கும்வரை அங்கேதான் நிற்கும். அவள் விரல் மானிட்டரின் அடியில் போனது. தட்டினாள். திரை மங்கியது. இன்னும் தட்டினாள். சாம்பல் எழுத்து சாம்பல் பின்னணியில் கரைந்து, இருப்பதும் தெரியாமல் ஆனது. "ஆமாங்க, சொல்லுங்க, எந்தத் தெரு?" என்று கேட்டுக்கொண்டேதான் தட்டினாள்.

"திங்கக்கிழமைலேந்து" என்றாள்.

எந்தத் திங்கட்கிழமை என்று மேடம் கேட்கவில்லை. டீக் கப்பை டீச்சர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று முழுவதும் டீச்சர் முழு வெளிச்சத்தில் வேலை செய்தாள். சத்தம் இல்லை. கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. ரேடியோ தடுப்புக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அழறியா?"

"இல்ல. கூசுது."

"அழுதா அழு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." ஒரு நொடி யோசித்தாள். "சரி, சொல்லுவேன். ஆனாலும் அழு."

"நிஜமா கூசுதுடி" என்றாள் டீச்சர். அது நிஜம்தான்.

ஷிப்ட் முடிந்ததும் அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்தில் இருந்தது அவள் வீட்டுக்காரரின் கடை. அவர் ஒரு லென்ஸின் விளிம்பைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு, சத்தம்?"

"கண்டுபிடிச்சாச்சு. வெளிச்சத்தைக் குறைச்சா வருது."

"பாத்தியா! உன் காதைச் சந்தேகப்பட்டாங்களே!" என்று அவர் சக்கரத்தை மறுபடி ஓட்டினார்.

அவள் சக்கரத்தையே பார்த்தபடி, "ஒருத்தர் போன் பண்ணாரு" என்று ஆரம்பித்தாள். ஆபீஸ் விஷயத்தை அவள் வீட்டில் பேசுவதில்லை. பேசக்கூடாது என்பது விதி, பேசாதது பழக்கம். இன்று சொன்னாள். வேலையில் அறிக்கை தருவதுபோல வரிசையாகச் சொன்னாள். விழுந்தது, விலாசம், வண்டி, லாரி, எண்ணியது. குரல் எங்கும் நெளியவில்லை. அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டார்.

"கை வலிக்குதுன்னாரு. வலிக்கட்டும்னு சொன்னேன்."

"அப்படித்தானே சொல்லணும்?"

"ஆமா. நிறுத்தினா போயிடும்."

"அப்போ சரியாத்தான் சொல்லியிருக்கே."

"சரியாத்தான் சொன்னேன்" என்றாள். "ஆனா அந்தம்மா அதுக்கு முன்னாடியே போயிருக்கலாம். அப்படின்னா அவருக்குக் கை வலிச்சதுதான் மிச்சம். நான் சொன்னேன்னு அழுத்தினாரு. நான் நிறுத்துங்கன்னு சொல்ற வரைக்கும் அழுத்தினாரு. நான் சொல்லவே இல்ல. லைன் கட்டாயிடுச்சு."

வீட்டுக்காரர் கையிலிருந்த லென்ஸைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். ஆறுதல் சொல்ல வரும் மனிதர் இல்லை அவர். ஒருத்தருக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது, எவ்வளவு தெரியவில்லை என்று கேட்டுக் கேட்டே பழகியவர்.

"அவர் பேரு என்ன?"

"கேட்டேன். டைப் பண்ணேன். ஞாபகம் இல்ல. மூணாவது மாடி, லிப்ட் கிடையாது, பச்சை கேட்டு, கீழ சைக்கிள் கடை. அதெல்லாம் இருக்கு. பேரு மட்டும் இல்ல."

அப்போது ஒரு பெரியவர் நசுங்கிய பிரேமோடு உள்ளே வந்தார். பேருந்தில் யாரோ அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்களாம். டீச்சர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். வீட்டுக்காரர் பிரேமைச் சூடுகாட்டி வளைத்து, பெரியவர் மூக்கில் வைத்தார். பெரியவர் கண்ணாடியைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "எப்படிம்மா இருக்கு?" என்றார். கடை ஆள் என்று நினைத்துவிட்டார்.

அவள் எதிரில் வந்து நின்று பார்த்தாள். "இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாள்.

வீட்டுக்காரர் கழற்றி வளைத்து மறுபடி மாட்டினார்.

"இப்ப?"

"இன்னும் ஒரு துளி."

மூன்றாவது தடவை சரியாக வந்தது. பெரியவர் வெளியே போய்த் தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டிப் போனார். வீட்டுக்காரர் அன்றைக்குச் சீக்கிரமே ஷட்டரை இறக்கினார்.

டியூஷன் இரண்டு தெரு தள்ளி. நடந்து போனார்கள். டியூஷன் விட்ட பிள்ளைகள் கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு லீவு கேக்கப்போறேன்" என்றாள்.

"குடுத்த லீவைத்தான் பாதியில விட்டுட்டு ஓடினே."

"அது காதுக்குக் குடுத்தது."

அவர் சாலையைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்தார். கடந்தபின்னும் விடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெருவில் அப்படி நடந்ததில்லை. அவள் அதைக் கவனித்தாள். பிடித்திருக்கிறதா இல்லையா என்று அவளால் உடனே சொல்ல முடியவில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை.

மகள் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இருவரும் சேர்ந்து வந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து, பிறகு அதற்காகவே காத்திருந்தவள்போல் பேச ஆரம்பித்தாள். அவளுடைய சிநேகிதி காலையில் அவளிடம் பேசவில்லையாம். ரப்பரைக் கொடுக்கவில்லை என்று கோபமாம். ரப்பர் மகளுடையதே இல்லையாம், வேறு ஒருத்தியுடையதாம். கணக்கு வகுப்பு முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள் டீச்சர்.

"அப்புறம் ஒண்ணும் ஆகலம்மா" என்றாள் மகள். "பெல் அடிச்சாங்க. சேந்து சாப்பிட்டோம்."